உங்கள் மாணவர்கள் தம் பலகையைத் தாமே செய்யட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் மின்னணுத் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், பம்புசெட் ஸ்டார்ட்டர்களையும் இன்வர்ட்டர்களையும் பழுதுபார்த்தும், அவற்றுக்கு வேண்டிய சர்க்யூட் போர்டுகளை வீட்டிலேயே ஒரு சிறு சி.என்.சி. யந்திரத்தில் செதுக்கியெடுத்தும் ஜீவனம் நடத்துகிற ஒருவன் உங்களுக்கு எழுதும் மடல் இது. கல்வித் துறை அதிகாரிகளுக்கோ கல்லூரி நிர்வாகத்தினருக்கோ எழுதாமல் உங்களுக்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் வேறெங்கோ இருக்கலாம். பணத்தை அனுமதிப்பவர்கள் வேறு யாராகவோ இருக்கலாம். ஆயினும், ஒரு மாணவனுடைய ப்ராஜெக்டைக் கையில் வாங்கிப் பார்த்து, 'இதை நீ செய்தாயா?' என்று கேட்கும் அதிகாரமும், அந்தக் கேள்விக்கு அவன் கூசாமல் விடை சொல்லும்படி செய்யும் ஆற்றலும் உங்களிடத்தில்தான் இருக்கின்றன.

ஆண்டுதோறும் தை பிறந்து, இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா நெருங்கும் காலத்தில், உங்கள் மாணவர்கள் சிலர் என் பட்டறைக்கு வருகிறார்கள். சென்னையிலுள்ள ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் விலைகொடுத்து வாங்கிய பெட்டி அவர்கள் கையில் இருக்கும். மோட்டாரைக் கைப்பேசியால் இயக்குவது, தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டுவது, வயலின் ஈரத்தை அளப்பது என்று, மேலே ஒட்டிய தாள் ஏதேனும் ஓர் உயர்ந்த நோக்கத்தைச் சொல்லும். "ரிலே அடிக்கவில்லை அண்ணா, நாளை மறுநாள் வைவா" என்பார்கள். பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஐ.சி.யின் முதுகிலிருந்த எண் உப்புத்தாளால் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும்; மற்றவர் பார்த்துச் செய்துவிடக் கூடாதென்று விற்றவர் போட்ட வேலி அது. சர்க்யூட் படம் எங்கே என்று கேட்டால், கொடுக்கவில்லை என்பார்கள். தங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த அறிக்கைப் புத்தகத்தைப் பையில் சுமந்து வரும் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பெட்டியினுள் இருக்கும் ஐ.சி.யின் பெயர்கூடத் தெரியவில்லை என்று காணும்போது, எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. நெல் விற்ற காசையும் நகை அடகு வைத்த காசையும் கல்லூரிக் கட்டணமாகக் கட்டிவிட்டு, பிள்ளை பெரிய படிப்புப் படிக்கிறான் என்ற நிம்மதியோடு வீட்டில் இருக்கும் தாய்தந்தையரை நினைத்தே மனம் வெதும்புகிறது.

மாணவர்கள் சோம்பேறிகள் என்ற அபிப்பிராயம் உங்களில் சிலருக்கு இருக்கக்கூடும். அதை நான் ஏற்க மாட்டேன். பிரெட்போர்டில் கம்பிகளைச் செருகி ஒரு சர்க்யூட்டை ஓட வைத்துவிடுகிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த படியில்தான் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். செருகிய கம்பி அசைந்தால் அணைந்துபோகும் அந்தச் சர்க்யூட்டை, கிணற்றடியில் வெயிலிலும் அதிர்விலும் தாங்கி நிற்கும் ஒரு திடமான பலகையாக மாற்றுவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டுவார் இல்லை. தொழிற்சாலைக்கு அனுப்பிச் செய்விக்கலாமென்றால் காத்திருக்க நாள் இல்லை. அனுப்பிய படத்தில் ஒரு கோடு பிசகியிருந்தால் செலவும் நாளும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இத்தனைக்கும், நான் அறிந்த ஒரு கல்லூரியில், இந்த வேலைக்கென்றே வாங்கிய யந்திரம் ஒன்று, இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் மட்டும் உறை நீக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டிய அறையில் துணி போர்த்திக் கிடக்கிறது. பழுதாகிவிடும் என்ற பயத்தில் பூட்டிவைத்த யந்திரம் யாருக்கும் பிரயோஜனப்படாமலே பழையதாகிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த யந்திரம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 30 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படுக்கையைக் கொண்டிருப்பதால் 3018 என்று கடைக்காரர்கள் அழைக்கும் சிறு யந்திரம், இன்று சுமார் ரூ.20,000 விலையில் கிடைக்கிறது. சர்க்யூட் போர்டு செய்வதற்குப் பயன்படும் சாதாரணக் காப்பர் கிளாட் தகட்டின் மேல் படிந்திருக்கும் செம்பின் கனம் 35 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரை முப்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவு. கணினியில் வரைந்த படத்தில் எங்கே செம்பு இருக்க வேண்டுமோ, அந்தக் கோட்டின் இருபுறமும் சென்று, ஒட்டியுள்ள செம்பை மட்டும் கீறியெடுத்து, ஒவ்வொரு தடத்தையும் தனித்தீவாக நிறுத்திவிட்டு வருவதே யந்திரத்தின் தொழில். நுனி 0.1 மில்லிமீட்டரும் கோணம் 30 பாகையும் உள்ள வி-பிட் என்னும் வெட்டுமுனை ஒன்றை 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், கீறலின் அகலம் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் ஆகும், இன்னும் 0.1 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால் அது 0.2 மில்லிமீட்டரைத் தாண்டி, பக்கத்திலுள்ள மெல்லிய தடத்தையே தின்றுவிடும். நீங்கள் வகுப்பறையில் கற்பிக்கும் திரிகோணமிதி இங்கே பிரத்தியட்சமாகச் செம்பின் மேல் நிற்கிறது.

இவ்வளவு நுட்பமான ஆழத்தை, சற்றே வளைந்திருக்கும் ஒரு தகட்டின் மேல் எப்படிக் காப்பது? அதற்கான உபாயமும் மின்சாரப் பாடமே. ஒரு கம்பியைச் செப்புத் தகட்டிலும் மற்றொரு கம்பியை வெட்டும் பிட்டிலும் கவ்வவைத்து, யந்திரத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கினால், பிட்டின் நுனி செம்பைத் தொட்ட கணத்தில் சர்க்யூட் மூடிக்கொள்ளும். அந்த உயரத்தை யந்திரம் குறித்துக்கொள்ளும். தகட்டின் மேல் கட்டம் கட்டமாகப் பல புள்ளிகளில் இப்படித் தொட்டு அளந்து, மேடுபள்ளங்களின் படமொன்றைத் தயாரித்து, அதற்கேற்ப ஆழத்தைத் திருத்திக்கொண்ட பிறகுதான் வெட்டத் தொடங்கும். பின்னர் 0.8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ரெசிஸ்டர் கால்களுக்கும், 1 மில்லிமீட்டரால் சற்றுத் தடித்த கால்களுக்கும் துளைகள் போட்டு, கடைசியாக ஓரத்தை அறுத்து விடுவிக்கும். காலையில் மனத்தில் தோன்றிய சர்க்யூட், மாலையில் சால்டர் வைத்துக் கையில் ஏந்தக்கூடிய பலகையாகிவிடுகிறது.

இந்த ஒருநாள் அவகாசத்தில்தான் கல்வியின் சாரம் இருக்கிறது என்பது என் துணிபு. மாணவன் வரைந்த முதற்பலகை அநேகமாக வேலை செய்யாது. ரிலே இழுக்கும்போது கன்ட்ரோலர் தானாகவே ரீசெட் ஆகும். ஏனென்றால், ரிலேயின் மின்னோட்டமும் கன்ட்ரோலரின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய கிரவுண்டுத் தடத்தின் வழியாகத் திரும்பும்படி அவன் வரைந்திருப்பான். புத்தகத்தில் கிரவுண்டு என்பது ஒரு சின்னம்; எங்கே போட்டாலும் பூஜ்யம் வோல்ட். செம்பிலோ அதற்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, ஆகவே தடையும் உண்டு. அந்தத் தடத்தின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் வோல்டேஜ் ஏறியிறங்குவதை ஒருமுறை தன் கண்ணால் கண்டவன் ஓம் விதியை ஆயுள் முழுதும் மறக்க மாட்டான். தவறு தெரிந்த அன்றைக்கே கோட்டைத் திருத்தி, மறுநாளே இரண்டாவது பலகையை வெட்டிப் பார்க்க முடியுமானால், அந்தத் தவறு அவனுக்கு ஆசானாகிறது. திருத்துவதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமானால், அதே தவறு அவனுக்குத் தண்டனையாகிறது. தண்டனைக்கு அஞ்சியே அவன் பெட்டி விற்கும் கடையைத் தேடிப் போகிறான்.

தொழிற்சாலையில் செய்யும் பலகை இதனினும் மேலானது என்று நீங்கள் சொல்வீர்கள். அதை நான் மறுக்கவில்லை. துளைகளின் உட்புறம் செம்பு பூசுவதும், பச்சைப் பூச்சும், எழுத்து அச்சும், பல அடுக்குப் பலகைகளும் இந்தச் சிறு யந்திரத்தால் ஆகாதவை. இருபுறப் பலகையானால் துளையில் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, மேலும் கீழும் சால்டர் வைத்துத்தான் இணைக்க வேண்டும். மிக நெருங்கிய கால்களையுடைய ஐ.சி.க்களுக்கு இது சரிப்பட்டு வராது. ஆனால் உங்கள் மாணவன் செய்யப்போவது விற்பனைக்கான ஆயிரம் பலகைகளல்ல. யோசனை சரியா என்று பார்ப்பதற்கான முதற்பலகை. கல்லூரியில் இரண்டு மூன்று முறை வெட்டித் தேறிய படத்தைப் பின்னர் தொழிற்சாலைக்கு அனுப்பட்டும். அப்போது அனுப்புகிறவனுக்குத் தான் எதைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

செம்பை ரசாயனத்தில் கரைக்கும் பழைய முறையே போதும், அதற்கு யந்திரமே வேண்டாமே என்றும் சிலர் கருதலாம். பெர்ரிக் குளோரைடு கரைசலில் தகட்டை அமிழ்த்தி எடுக்கும் அந்த முறை மலிவானது; பல தலைமுறை ரேடியோக்காரர்களுக்கு அதுவே கைகொடுத்தது. நான் அஞ்சுவது, வேலை முடிந்த பின் எஞ்சும் கரைசலை எண்ணி. செம்பு கரைந்திருக்கும் அந்தத் தண்ணீர் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. அதை முறைப்படி சேகரித்து ஒப்படைக்கும் ஏற்பாடு எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது? பெரும்பாலும் அது கைகழுவும் தொட்டியில் ஊற்றப்படுகிறது. அங்கிருந்து சாக்கடைக்கும், ஏரிக்கும், கடைசியில் ஆற்றுக்கும் போகிறது. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் பாலாறு பட்ட பாட்டை இந்த மாவட்டத்தார் அறியாதவர்கள் அல்லர்; 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அது குறித்துத் தீர்ப்பளித்தது, சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் தீர்ப்பு. மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் குடியிருக்கிற எனக்கு, படிப்பின் பெயரால் ஒரு குவளை நஞ்சுகூட அந்த மணலில் இறங்கக் கூடாது என்று கேட்கும் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

செதுக்கும் முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையாலான எப்.ஆர்.-4 தகட்டை வெட்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. சுற்றிலும் கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த எங்கள் பக்கத்தில், தூசி மனிதனை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆகையால் பழகும் பருவத்தில் காகித அடிப்படையில் செய்த தகடுகளையே வாங்குங்கள். அவை பிட்டையும் சீக்கிரம் மழுங்கச் செய்வதில்லை. யந்திரத்துக்கு ஒரு மூடிய பெட்டியும், தூசியை உறிஞ்ச ஒரு வேக்குவமும், மாணவர் ஒவ்வொருவருக்கும் கண்ணாடியும் முகக்கவசமும் இருக்கட்டும். சேர்ந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கக் கற்பியுங்கள். கருவியைப் பயமின்றியும், ஆனால் கவனத்தோடும் கையாளும் சுபாவம் இளமையில் வந்துவிட்டால், நாளைக்குப் பெரிய யந்திரத்தின் முன் நிற்கும்போது அதுவே அவனைக் காக்கும்.

இதெல்லாம் பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களுக்கே ஆகும், நம் கிராமப்புறக் கல்லூரிக்கு எட்டாது என்ற எண்ணம் உங்களில் யாருக்கேனும் இருந்தால், மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்திலுள்ள பாபல் என்னும் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். எஸ். எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி 1983-இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கி, கையால் செய்வதன் மூலமே கற்பது என்ற கொள்கையில் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி அளித்தார். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கெர்ஷன்பெல்ட் உருவாக்கிய பேப் லேப் என்னும் செய்முறைக் கூடம், அந்நாட்டுக்கு வெளியே வேரூன்றிய முதல் இடங்களுள் ஒன்று, 2002-இல், அந்தப் பாபல் கிராமமே. அத்தகைய கூடங்களில் சர்க்யூட் போர்டு செய்வது இன்றும் மேசைமேல் வைக்கும் சிறு செதுக்கு யந்திரத்தில்தான். மழை குறைந்த ஒரு கிராமத்துக்கு இயன்றது, ஏரிப் பாசனமும் ரயிலும் நெடுஞ்சாலையும் உள்ள நம் மாவட்டத்துக்கு இயலாமற்போக நியாயம் இல்லை.

இன்னொன்றையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இந்த வேலைக்கு வேண்டிய மென்பொருள்களுக்கு ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. சர்க்யூட் வரைவதற்குப் பயன்படும் கீகேட் என்பதை 1992-இல் தொடங்கியவர் பிரான்சு நாட்டில் கிரெனோபிள் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ழான்-பியேர் ஷாரா. யந்திரத்தின் மூளையாக உள்ள ஆர்டுயினோ பலகை, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்து வடிவமைப்புக் கழகத்தில், மாணவர்கள் எளிதில் கையாள வேண்டுமென்று ஆசிரியர்கள் உருவாக்கியது. அதன்மேல் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற நிரலை 2009-இல் நார்வேக்காரர் ஒருவர் எழுதி உலகுக்கு இலவசமாக அளித்தார். உங்களைப் போல் கல்விக்கூடங்களில் இருந்தவர்கள், தம் மாணவர்களின் கையில் சுலபமான கருவி இருக்க வேண்டுமென்ற கவலையால் செய்தவையே இவற்றுள் பல. அந்தக் கவலையின் பலனை நம் பிள்ளைகள் அனுபவிப்பதற்கு நடுவே நிற்பது, ஒரு பூட்டும் ஒரு வழக்கமும் மட்டுமே.

வழக்கத்தை எதிர்த்துப் பேசிய பெரியோர் நம் நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். பட்டம் எதுவும் பெறாமல், தாமே கழற்றிப் பார்த்துக் கற்ற கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, 1945-இல் ஒரு பொறியியற் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, நான்காண்டுப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, செய்முறையோடு கற்றால் இரண்டாண்டே போதும் என்று வாதாடி, அது ஏற்கப்படாததால் பதவியை விட்டு விலகினார். பதவியை விடும்படி உங்களை யாரும் கேட்கவில்லை. இருக்கிற நான்காண்டுகளுக்குள், மாணவன் தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடிக்கும் சில வாரங்களையாவது ஒதுக்கிக் கொடுங்கள் என்பதே வேண்டுகோள்.

நம் கண்முன் நடந்ததையும் எண்ணிப் பார்ப்போம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது, இந்த மாவட்டத்தின் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சென்றார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டபோது, அதே பஸ்களில் வெறுங்கையோடு திரும்பினார்கள். வேறொரு தேசத்தில் யாரோ வரைந்து முடித்த பலகையைப் பொருத்தவும் சோதிக்கவும் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஒரு பலகையை வரையும் வித்தை அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. இன்று வேறு கம்பெனிகள் வந்திருக்கின்றன; வேலை கிடைப்பது நல்லதே; அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு கம்பெனி மூடினாலும் தொடர்ந்து தொழில் செய்யவைக்கும் அறிவு ஒன்று உண்டு. எங்கள் ஊர் விவசாயி, மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் நள்ளிரவில் டார்ச்சுடன் கிணற்றுக்குப் போகிறார். ஒரு பேஸ் போனால் மோட்டார் எரிந்து காயில் கட்டக் காசு தேடுகிறார். கடையில் விற்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் அவருடைய வயலுக்கென்று செய்ததல்ல. அவருடைய மகன் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு பலகை வரையக் கற்றால், தன் தகப்பனாருக்கு வேண்டியதைத் தானே செய்வான். பிறகு ஊருக்கும் செய்வான்.

எங்கள் ஊர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனை ஒன்று அங்கே இயங்கியதையும், அதே இடத்தில் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து கல்வி அளிக்கப்பட்டதையும் அது சொல்கிறது. வேதமும் இலக்கணமும் ஓதுவிப்பவருக்கு இவ்வளவு, மருத்துவருக்கு இவ்வளவு, கத்தி பிடித்துச் சல்லியக்கிரியை செய்பவருக்கு இவ்வளவு என்று, ஒரே சாசனத்தில் அனைவருக்கும் ஊதியம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஓதும் கல்வியையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேணிய மண் இது. அந்த மண்ணில் எழுந்த கல்லூரிகள், எழுதும் தேர்வுக்குக் கொடுக்கும் மதிப்பைச் செய்யும் கைக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் புதுமை ஒன்றுமில்லை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, என் விண்ணப்பத்தை நேராகவே வைக்கிறேன். வருகிற கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அந்த அறையின் பூட்டைத் திறந்துவிடுங்கள்; யந்திரம் இல்லாத கல்லூரியானால், துறையின் வருடாந்தரச் செலவில் ஒரு சிறு யந்திரத்துக்கு இடம் கொடுங்கள். வகுப்பு முடிந்த பின் மாலை ஏழு மணிவரையாவது அது மாணவர்களுக்குத் திறந்திருக்கட்டும். பொறுப்பை மூத்த மாணவர்களிடமே ஒப்படையுங்கள். பிட் முறிந்தால் மாணவனிடம் அபராதம் வாங்காதீர்கள். பிட்டை முறிக்காமல் யாரும் இந்த வேலையைக் கற்றதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டில், மாணவனே வரைந்து வெட்டிய பலகை ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். வேலை செய்யாமற்போன முதற்பலகையையும் வைவாவுக்குக் கொண்டுவரச் சொல்லி, அது ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்குபவனுக்கு அதற்கென்றே மதிப்பெண் கொடுங்கள். எண் அழித்த ஐ.சி. உள்ள பெட்டியைக் கண்டால், கண்டும் காணாததுபோல் கையெழுத்திடாதீர்கள்.

பழக்கித் தருவதற்கு ஆள் இல்லை என்ற தடை எந்தக் கல்லூரிக்காவது இருக்குமானால், ஓய்வுநாட்களில் வந்து உடனிருந்து காட்டித்தர நான் சித்தமாயிருக்கிறேன், கூலி வேண்டாம். உத்திரமேரூரிலும் வாலாஜாபாத்திலும் செங்கற்பட்டிலும் என்னைப் போன்ற தொழிலாளிகள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அழைத்தால் அவர்களும் வருவார்கள். மாணவர்களோ அழைக்காமலே வந்துவிடுவார்கள். நீங்கள் கதவைத் திறந்தால் போதும்.

இங்ஙனம்,
திருமுக்கூடலிலிருந்து,
உங்கள் மாணவர்களின் நலம் விரும்பும் ஒரு தொழிலாளி